வீணை மறைத்த இயக்குநர்

விழுப்புரத்தாருக்கு ஒரு பெருமை உண்டு. வி. சி. கணேசன் என்னும் பெயரின் முதலெழுத்து நம் ஊரைக் குறிப்பது. 1928ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இவ்வூரில் பிறந்த அக்குழந்தையே பின்னாளில் சிவாஜி கணேசன் எனத் தமிழுலகம் போற்றும் நடிகராக உயர்ந்தது. ஊர்ப்பெருமை பேசும் போது இச்செய்தியை நாம் எவரும் விடுவதில்லை.

ஆயினும், அவர் நடித்த படங்களுள் ஒன்று தொடங்கிய சில நொடிகளிலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறது. அப்படத்தில் ஒரு பாடலும் இல்லை. ஒரு நடனமும் இல்லை. 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' என்பது அதன் பெயர். சென்ற கல்வியாண்டில் இளங்கலைத் தமிழ் வகுப்பில் இப்படத்தைப் பற்றிக் கேட்டேன். 'பராசக்தி' வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர் சிலர் இருந்தனர். 'அந்த நாள்' பார்த்தவர் ஒருவரே. இயக்கியவர் யார் என்ற வினாவுக்கு விடையில்லை. எஸ். பாலசந்தர் என்று நானே கூறியதும், பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, அவர் வீணை வித்துவான் அல்லவா என்று வியப்புடன் வினவினாள்.

அவள் கேட்டதிலும் பிழையில்லை. நான் கூறியதிலும் பிழையில்லை. இருவரும் ஒருவரே. வீணை பாலசந்தர் என்னும் பெரும்புகழ், திரைப்பட இயக்குநர் பாலசந்தரை முற்றிலும் மறைத்துவிட்டது. பெயரொற்றுமையால் கே. பாலசந்தரின் புகழும் அம்மறைவுக்குத் துணையாயிற்று. பத்தாண்டு நிறைவு கண்டு மலர் வெளியிடும் நம் இலக்கிய வட்டத்தார் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இவருடையது. அதற்கான காரணத்தை இறுதியில் கூறுவேன்.

இளமை

பாலசந்தர் 1927ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். இசையிலும் நாடகத்திலும் பேரார்வம் கொண்டவர். தமையனார் எஸ். ராஜம் பிற்காலத்தில் இசைவாணராகவும் ஓவியராகவும் புகழ்பெற்றார். வீடே ஒரு கலைக்கூடமாக விளங்கியது எனலாம்.

1934ஆம் ஆண்டு பிரபாத் நிறுவனம் 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தபோது இக்குடும்பமே திரையில் தோன்றியது. ராஜம் இராமனாக நடித்தார். தமக்கையார் ஜெயலட்சுமி சீதையாக நடித்தார். தந்தையார் சனகராக வந்தார். ஏழு வயதுச் சிறுவனாகிய பாலசந்தருக்கு இராவணனின் அவையில் கஞ்சிரா வாசிக்கும் வேடம். இசையும் திரையும் ஒரே நாளில் அவர் வாழ்வில் நுழைந்தன என்று இதனைக் கொள்ளலாம்.

கஞ்சிராவிலிருந்து தபலா, மிருதங்கம், சித்தார் என ஒவ்வொன்றாகக் கைக்கொண்டார். எதனையும் முறையாக ஒரு குருவிடம் அமர்ந்து பயின்றாரில்லை. கேட்டுக் கேட்டுத் தாமே தேர்ந்தார். சதுரங்க ஆட்டத்திலும் சிறுவயதிலேயே வல்லவர் எனப் பெயர் பெற்றார். பதின்ம வயதில் சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகப் பணியேற்றார். வீணை அவர் கைக்கு வந்ததும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். அதனையும் தாமே கற்றார். குருபரம்பரையைப் பெரிதாகப் போற்றும் கருநாடக இசையுலகில் குரு இல்லாத ஒருவர் முன்வரிசைக்கு வந்தது எளிய செயலன்று.

ஒரு காயை நகர்த்தும் முன் எதிராளியின் நான்கு நகர்வுகளை எண்ணிப் பார்க்கும் சதுரங்க அறிவும், ஒலிக்கும் ஒலியின்மைக்கும் உள்ள உறவை அறிந்த செவியும் ஒருவரிடம் சேர்ந்தால் எத்தகைய படம் பிறக்கும்? அதற்கு விடை 1954இல் கிடைத்தது. அதற்கு முன் சில படிகள் உண்டு.

1948ஆம் ஆண்டு வெளிவந்த 'இது நிஜமா' என்னும் படத்தில் பாலசந்தர் இரட்டை வேடத்தில் நடித்தார். அவ்வாண்டிலேயே 'என் கணவர்' என்னும் படத்தை இயக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1951இல் 'கைதி' என்னும் குற்றக்கதையை இயக்கி நடித்தார். புராணக் கதைகளும் அரசர் கதைகளும் குடும்பக் கதைகளும் கோலோச்சிய காலத்தில், குற்றமும் மருமமும் கொண்ட நகர்ப்புறக் கதைகளையே அவர் நாடிச் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த நாள்

சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு கொலையை வெவ்வேறு மாந்தர் வெவ்வேறாகக் கூற, உண்மை எதுவெனப் பார்ப்பவர் மயங்கி நிற்கும் படம் அது. திரைப்பட விழாவொன்றில் அதனைக் கண்ட பாலசந்தர் அம்முறையில் ஒரு நாடகம் எழுதினார். வானொலி நிலையத்தார் அதனை ஏற்கவில்லை. வானொலி மறுத்த அந்நாடகமே ஏ. வி. மெய்யப்பனிடம் சென்று திரைப்படமாயிற்று. பாடல் இல்லை, நடனம் இல்லை என்பதை அறிந்தே மெய்யப்பன் அதற்குப் பொருள் செலவிட்டார் என்பதனையும் நாம் மறத்தலாகாது.

உரையாடலை எழுதியவர் ஜாவர் சீதாராமன். விக்தர் ஹியூகோவின் புதினத்தைத் தழுவிய 'ஏழை படும் பாடு' (1950) படத்தில் ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்தமையால் அப்பெயர் அவருக்கு நிலைத்தது. நாவலாசிரியராகவும் அவரை நம் உறுப்பினர் அறிவர். 'அந்த நாள்' படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் அவரே நடித்தார். ஒளிப்பதிவு மாருதிராவ். கதைநாயகன் ராஜனாக முதலில் வேறு நடிகரை வைத்துப் படப்பிடிப்பு நடந்தது. எடுத்த பகுதியைக் கண்டு நிறைவு கொள்ளாத மெய்யப்பன், சிவாஜி கணேசனை அழைத்து மீண்டும் எடுக்கச் செய்தார். நம் ஊர்க்காரர் இப்படத்திற்குள் வந்த கதை இதுவே.

1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். உலகப்போர் நடக்கிறது. சப்பானியர் குண்டு வீசுவர் என்னும் அச்சத்தில் சென்னை நகரம் நடுங்கிக் கிடக்கிறது. துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் தம் வீட்டில் விழுந்து இறக்கிறார். சுட்டவர் யார்? மனைவி உஷாவா, தம்பியா, தம்பி மனைவியா, அயல்வீட்டாரா, ராஜனோடு பழகிய நடனமாதா? ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைக் கூறுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் ஒரு ராஜன் எழுந்து வருகிறார். கொன்றவர் யார் என்பதினும், கொல்லப்பட்டவர் எத்தகையவர் என்பதே பெரிய வினாவாக வளர்கிறது. முடிவைக் கூறி, இதுவரை காணாத அன்பர்களின் இன்பத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை. பண்டரிபாயின் முகத்தை மட்டும் இறுதிவரை கூர்ந்து நோக்குமாறு வேண்டுகிறேன்.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பரத்தை கூற்று எனப் பிரித்து நாம் பாடம் நடத்துகிறோம். ஒரே தலைவன் தோழியின் வாயில் ஒருவனாகவும் பரத்தையின் வாயில் வேறொருவனாகவும் தோன்றுவான். புலவர் தம் கூற்றாக எதனையும் உரைப்பதில்லை. உண்மையைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு படிப்பவர்க்கே விடப்படுகிறது. குரோசாவாவிடமிருந்து பாலசந்தர் பெற்ற உத்தி, இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் ஒன்றே. மேனாட்டுச் சரக்கு என்று இப்படத்தைத் தள்ளிவிட எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

பாடல் இல்லாமை அதனினும் துணிவான செயல். தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) தொட்டுப் பாட்டே படத்தின் உயிராக இருந்து வந்தது. இடையிடையே உரை கலந்த பாட்டு நூல் என்று சிலப்பதிகாரத்தைக் கூறுவோம். இடையிடையே உரை கலந்த பாட்டுத் தொகுப்பு என்று அக்காலப் படங்களைக் கூறினால் மிகையாகாது. அத்தகைய சூழலில் பாட்டே இல்லாத தமிழ்ப் படத்தை முதன்முதலில் இயக்கியவர் இசை அறியாதவர் அல்லர். இசையிலேயே பிறந்து வளர்ந்தவர். முரண்போலத் தோன்றினும் இதில் முரண் இல்லை. இசை எங்கே வேண்டும் என்பதை அறிந்தவருக்கே அது எங்கே வேண்டாம் என்பதும் தெரியும். பாட்டுக்காகக் கதையை நிறுத்தாத இப்படத்தில் காலடி ஓசையும் கதவின் ஓசையும் மௌனமும் தாமே பொருள் தருகின்றன.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, படம் வெளிவந்தது. மக்கள் எதிர்பார்த்தது வேறு. 'பராசக்தி' வந்து ஈராண்டும் நிரம்பவில்லை. நாயகன் முழங்குவான், பாட்டு வரும், நடனம் வரும் என்று எண்ணி வந்தோர்க்கு நாயகனின் பிணமே முதலில் காட்டப்பட்டது. படம் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. நடுவண் அரசின் திரைப்பட விருதுகளில் அவ்வாண்டுக்குரிய சிறந்த தமிழ்ப் படத்திற்கான வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ளன்' படத்துக்குச் சென்றது. 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழ் பெற்றது. திறனாய்வாளர் பாராட்டினர். ஆயினும் பாட்டில்லாப் படங்கள் தமிழில் பெருகவில்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), 'குருதிப்புனல்' (1995) என விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே பின்னர் வந்தன.

பின்னர் வந்த படங்கள்

இத்தோல்வியால் பாலசந்தர் உடனே பின்வாங்கவில்லை. 1956இல் தெலுங்கில் 'ஏதி நிஜம்' என்னும் படத்தை இயக்கினார். அதுவும் நடுவண் அரசின் தகுதிச் சான்றிதழ் பெற்றது. 1958இல் கே. ஆர். இராமசாமி நடிக்க 'அவன் அமரன்' வந்தது. 1962இல் 'அவனா இவன்' என்னும் கொலைக் கதையை எடுத்தார்.

1964ஆம் ஆண்டு வெளிவந்த 'பொம்மை' இவர் படங்களுள் சுவை மிக்கது. ஒரு மனிதரைக் கொல்லும் நோக்குடன் விளையாட்டுப் பொம்மை ஒன்றினுள் வெடிகுண்டை வைத்து அனுப்புகின்றனர். பொம்மை செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்லாமல் கைமாறிக் கைமாறி நகரெங்கும் திரிகிறது. அதனைத் தூக்கி மகிழும் ஒவ்வொருவரையும் பார்த்து நம் நெஞ்சு துடிக்கிறது. பொம்மையின் அழகும் அதனுள் இருக்கும் அழிவும் ஒருங்கே நம் கண்ணில் படுவதே இப்படத்தின் வெற்றி. இதில் பாடல்கள் உண்டு, இசையும் பாலசந்தருடையதே. அப்போது இளைஞராக இருந்த கே. ஜே. யேசுதாசைத் தமிழ்த் திரைக்குப் பாட அழைத்துவந்தவர் இவரே. பெயர்ப்பட்டியலில் எழுத்தாக மட்டும் ஓடி மறையும் தொழில்நுட்பக் கலைஞர்களைப் படத்தின் முடிவில் திரையில் தோன்றச் செய்து மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். திரைக்குப் பின்னால் உழைப்போர்க்கு அவர் செய்த மரியாதை அது.

இறுதியாக வந்தது 'நடு இரவில்'. தனித்த மாளிகை ஒன்றில் உறவினர் பலர் கூடுகின்றனர். ஒருவர் பின் ஒருவராக மடிகின்றனர். கொலையாளி அவர்களுள் ஒருவரே. ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்தி 1939இல் எழுதிய புதினத்தின் சாயல் இதில் உண்டு. ஆயினும் சொத்துக்காகக் காத்திருக்கும் உறவுக்கூட்டத்தின் பேராசையும் பொறாமையும் நம் வீடுகளில் காண்பனவே. இயக்கம், இசை இரண்டையும் ஏற்று, முக்கிய வேடமொன்றிலும் பாலசந்தர் நடித்தார். எடுத்து முடித்தும் சில ஆண்டுகள் வெளிவராமல் கிடந்த இப்படம் 1970இல் திரையைக் கண்டது. அத்துடன் இயக்குநர் பாலசந்தரின் வாழ்க்கை முடிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. ஓர் இயக்குநரின் கை முதிரும் பருவம் அது.

வீணை

திரை இழந்தவரை வீணை முழுமையாகப் பெற்றுக்கொண்டது. வீணையின் தண்டியில் மெழுகில் பதித்த மெட்டுகள் இருபத்து நான்கு. ஒரு மெட்டில் விரலை ஊன்றித் தந்தியை இழுத்தால் அடுத்த சுரமும் அதற்கடுத்த சுரமும் பிறக்கும். இவ்விழுப்பினை எவரும் எண்ணாத அளவுக்குக் கொண்டு சென்று, ஒரே மெட்டில் பல சுரங்களை எழுப்பி, குரலிசையின் குழைவை வீணையில் கொண்டுவந்தவர் பாலசந்தர். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தார். அயல்நாடுகள் பலவற்றில் கச்சேரி செய்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

தம் மனத்திற்குச் சரியெனப் பட்டதைத் தயங்காமல் கூறும் இயல்பினர். சுவாதித் திருநாள் மன்னரின் பெயரால் வழங்கும் இசைப் படைப்புகள் குறித்து ஐயம் எழுப்பிப் பெரும் வாதம் புரிந்தார். அதனால் நண்பரையும் இழந்தார். அவர் முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் இசையறிஞர் பணி. யாவரும் ஒப்பிய ஒன்றை மீண்டும் விசாரணைக்கு உட்படுத்தும் 'அந்த நாள்' இயக்குநரின் மனமே அவ்வாதத்திலும் இருந்தது என்பதை மட்டும் நான் குறிப்பிட விரும்புகிறேன். ஒரே மரணத்தில் பல உண்மைகளைக் கேட்ட செவியும், ஒரே மெட்டில் பல சுரங்களைக் கேட்ட செவியும் ஒன்றே. ஆதலின் அவருடைய திரைப்படங்களை இளமைக்கால விளையாட்டு என ஒதுக்கிவிட்டு வீணையை மட்டும் போற்றுவது பாதி மனிதரைப் போற்றுவதாகும்.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், இன்று சத்தீசுகர் மாநிலத்தில் உள்ள பிலாய் நகரில் அவர் உயிர் பிரிந்தது. 'அந்த நாள்' திரைக்கு வந்து அன்றோடு முப்பத்தாறு ஆண்டுகள் நிறைந்தன.

நாம் செய்யத்தக்கது

இவ்வாழ்க்கையை இம்மலரில் எழுத நேர்ந்த காரணத்தைக் கூறுவதாக முதலில் சொன்னேன்.

நம் வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் திண்டிவனத்தில் நடந்த கூட்டமொன்று என் நினைவில் இருக்கிறது. ஓர் இளைஞர் கவிதை வாசித்தார். ஓசை இல்லை, உவமை இல்லை, இறந்துபோன ஒரு நெசவாளியைப் பற்றி அவர் மனைவியும் கடன் கொடுத்தவரும் மகளும் பேசுவதாக மூன்று பகுதிகள். எவரும் கைதட்டவில்லை. பின்னர்க் கருத்துரை கூறியவருள் நானும் ஒருத்தி. இது கவிதையே அன்று, பாட்டுத்தன்மை சிறிதும் இல்லை என்று முனைவர் பட்டம் பெற்ற மிடுக்கோடு கூறினேன். அவர் பணிவாகத் தலையசைத்தார். அடுத்த மாதம் விழுப்புரத்தில் நடந்த கூட்டத்திற்கு அவர் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. அவர் தந்த படியும் எவரிடமும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து 'அந்த நாள்' படத்தை முதன்முறையாகப் பார்த்த இரவில் அக்கவிதை எனக்கு நினைவு வந்தது. 1954இல் பாட்டு எங்கே என்று கேட்ட மக்களைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. அதே வினாவை அதே தொனியில் நானும் கேட்டிருக்கிறேன். பாலசந்தரிடம் வீணை இருந்தது; திரை மூடிய கதவுக்கு ஈடாக மற்றொரு கதவு அவருக்குத் திறந்தது. அவ்விளைஞருக்கு என்ன இருந்தது என்று நான் அறியேன்.

பழைய தமிழ்ப் படங்களின் சுருள்கள் பல பேணுவாரின்றி அழிந்தொழிந்தன. எஞ்சியவற்றைக் காண்பதற்கு இன்று வழி எளிதாகிவிட்டது. ஆதலின் என் வேண்டுகோள் ஒன்று. வரும் ஆண்டில் நம் மாதக் கூட்டங்கள் மூன்றினை இதற்கென ஒதுக்குவோம். 'அந்த நாள்', 'பொம்மை', 'நடு இரவில்' என்னும் மூன்றையும் கூடியிருந்து பார்ப்போம். ஆராய்ச்சிக்காக அன்று, இன்பத்திற்காகவே பார்ப்போம். இவை இருக்கையின் நுனியில் நம்மை அமரவைக்கும் படங்கள். முதலாவதை ஏப்ரல் 13ஆம் நாளை ஒட்டி விழுப்புரத்தில் திரையிடுவது பொருத்தமாக இருக்கும். பிறந்த மண்ணில், பிணமாகத் தொடங்கிப் பல உருவாக எழும் கணேசனை நம் மாணவரும் காணட்டும்.

பார்த்தபின் பேசுவோம். பேசும்போது நம் முன்னால் வாசிக்கப்படும் புதிய கவிதைகளையும் நினைவில் கொள்வோம். முதல் நாள் கைதட்டல் இல்லாமையைக் கொண்டு எதனையும் தீர்ப்பிடாமல் மறுமுறை கேட்கும் பழக்கம் நம் வட்டத்திற்கு வாய்க்குமானால், அடுத்த பத்தாண்டில் நாம் இழப்பவை குறையும். திண்டிவனத்தில் அன்று கவிதை வாசித்த அன்பர் இம்மலரை எங்கேனும் காண நேரின், அப்படைப்பினை மீண்டும் கேட்க நாங்கள் காத்திருக்கிறோம் என்பதை அறிவாராக.